டேங்க்குக்குள் ஒரு மின்கலம்

பழைய புல்லட் வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். கார்புரேட்டரைக் கழற்றி, ஜெட்டை ஊதி, மிதவைக் கிண்ணத்தைத் துடைத்து மாட்டுவார்கள். வண்டி ஒரே உதையில் கிளம்பும். காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் போய்ச் சேர்வதற்குள் மறுபடி இருமும், திணறும், நின்றுவிடும். திறந்து பார்த்தால் கிண்ணத்தின் அடியில் காவி நிறத்தில் மெல்லிய பொடி படிந்திருக்கும். கோளாறு கார்புரேட்டரில் இல்லை. அதற்கு மேலே இருக்கும் பெட்ரோல் டேங்க் உள்ளுக்குள் துருப்பிடித்து உதிர்ந்துகொண்டிருக்கிறது.

செட்டிநாட்டில் இந்த நோய்க்கு வாய்ப்பு அதிகம். ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கும் வீடுகள் இங்கே ஏராளம். கல்யாணத்துக்கும் படைப்புக்கும் திருவிழாவுக்கும் குடும்பத்தார் வந்து சேரும்போதுதான் கதவு திறக்கும். அப்பா ஓட்டிய புல்லட்டோ, பெரியப்பாவின் ஜாவாவோ அதுவரை கொட்டகையில் நின்றபடியே இருக்கும். டேங்க்கில் கால்வாசி பெட்ரோல், முக்கால்வாசி காற்று. துரு வளர்வதற்கு இதைவிட வசதியான இடம் கிடையாது.

துருவை எடுக்க ஆளுக்கொரு வைத்தியம் சொல்வார்கள். ஜல்லியைப் போட்டுக் குலுக்கு, ஆசிட் ஊற்று, புளியைக் கரைத்து ஊற்று, பாட்டரி சார்ஜரை மாட்டு. எல்லாமே ஓரளவுக்குப் பலிக்கும். ஆனால் எந்த வழியில் போனாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: துருவோடு சேர்ந்து எவ்வளவு நல்ல இரும்பு போகிறது? டேங்க்கின் தகடு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் கனம்தான். அதில் ஒரு பங்கைத் துரு ஏற்கெனவே தின்றிருக்கும். மிச்சத்தை வைத்தியம் தின்றுவிடக் கூடாது.

நீர் எங்கிருந்து வருகிறது?

பெட்ரோலில் மூழ்கியிருப்பதால் மட்டும் இரும்பு துருப்பிடிக்காது. நீரும் ஆக்சிஜனும் சேர வேண்டும். டேங்க்குக்குள் நீர் வர மூன்று வழிகள் உண்டு.

முதல் வழி மூடி. அதன் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் மழைநீரும் வண்டி கழுவும் நீரும் நேராக உள்ளே இறங்கும். இரண்டாவது வழி காற்று. பெட்ரோல் தடையின்றி இறங்குவதற்காக மூடியில் காற்றுப் போக்கு வைத்திருப்பார்கள். பகல் வெயிலில் உள்ளே இருக்கும் காற்று விரிந்து வெளியேறும். இரவில் சுருங்கும்போது வெளிக்காற்று ஈரத்தையும் கூட்டிக்கொண்டு உள்ளே வரும். 30 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் ஒரு கனமீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் நீராவியைத் தாங்கும். 14 லிட்டர் டேங்க் முழுவதும் அந்தக் காற்று நிறைந்தாலும் நீர் அரை கிராமுக்குக் குறைவுதான். ஓர் இரவில் மாறும் காற்று அதிலும் சில சதவீதம் என்பதால், ஒரு நாள் வரவு ஒரு துளிகூட ஆகாது. ஆனால் பூட்டிய வீட்டில் வண்டி நிற்பது வருஷக் கணக்கில்.

மூன்றாவது வழி பெட்ரோலே. 2022-இல் இந்தியா 10 சதவீத எத்தனால் கலப்பை எட்டியது. 2023 முதல் 20 சதவீதம் கலந்த பெட்ரோல் பங்க்குகளுக்கு வரத் தொடங்கியது. எத்தனால் ஈரத்தை இழுத்துத் தன்னோடு கலந்துகொள்ளும். தினமும் ஓடும் வண்டிக்கு இது ஒருவகையில் நல்லதுதான். அந்தச் சிறிதளவு நீர் பெட்ரோலோடு போய் எஞ்சினில் ஆவியாகிவிடும். நிற்கும் வண்டியில் கதை வேறு. 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலில் நீர் ஏறக்குறைய அரை சதவீதத்தைத் தாண்டினால், நீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து அடியில் தனி அடுக்காகத் தங்கிவிடும். எத்தனால் கூடினால் தாங்கும் அளவும் கூடும், அவ்வளவுதான். வரம்பு கடந்தால் பிரிவு நிச்சயம்.

மோட்டார்சைக்கிள் டேங்க்கின் அடிப்பக்கம் நடுவில் மேடாக உள்வாங்கியிருக்கும். சட்டத்தின் குழாய்க்கு இருபுறமும் இரண்டு பள்ளங்கள் இறங்கும். பெட்ரோலைவிடக் கனமான நீர் அந்தப் பள்ளங்களில்தான் போய்ச் சேரும். பெட்ரோல் டேப் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் டேங்க்கில், மறுபக்கப் பள்ளத்து நீர் வெளியேற வழியே கிடையாது. பழைய டேங்க்கில் ஊசிமுனை ஓட்டைகள் பெரும்பாலும் அந்தப் பக்கத்து ஓரத்தில் விழுவதற்குக் காரணம் இதுதான்.

ஒரு துளிக்குள் நடப்பது

அந்தப் பள்ளத்தில் கிடக்கும் ஒரு துளி நீரை நெருங்கிப் பார்ப்போம். துளியின் ஓரம் மெல்லியது, அங்கே ஆக்சிஜன் எளிதாக எட்டும். நடுப்பகுதி ஆழமானது, அங்கே ஆக்சிஜன் குறைவு. இந்த ஏற்றத்தாழ்வு ஒன்றே போதும், தகடு ஒரு மின்கலமாகிவிடும். நடுவில் இருக்கும் இரும்பு அணு ஒவ்வொன்றும் இரண்டு எலெக்ட்ரான்களை விட்டுவிட்டு அயனியாக நீரில் இறங்குகிறது. விட்ட எலெக்ட்ரான்கள் தகட்டின் வழியாகவே ஓரத்துக்கு ஓடுகின்றன. அங்கே ஆக்சிஜனும் நீரும் அவற்றை வாங்கிக்கொண்டு ஹைட்ராக்சைடு அயனிகளாகின்றன. இரண்டு வகை அயனிகளும் நடுவழியில் சந்திக்கும் இடத்தில் காவி வளையம் படிகிறது. கேம்பிரிட்ஜில் அரிமானத்தை ஆராய்ந்த யூலிக் எவான்ஸ் 1920-களில் உப்பு நீர்த் துளியை இரும்புத் தகட்டின்மேல் வைத்து இதைக் காட்டினார். அரிமானம் என்பது மின்வேதி நிகழ்ச்சி என்ற புரிதலுக்கு அந்தத் துளிச் சோதனை பெரும் துணையாக நின்றது.

துளி கற்றுத்தரும் பாடம் முக்கியமானது. துரு படியும் இடம் ஒன்று, இரும்பு கரையும் இடம் இன்னொன்று. காவிப் பொருக்கு பெரிதாகத் தெரியும், குழி அதற்குப் பக்கத்திலோ அடியிலோ ஒளிந்திருக்கும். பொருக்கை உடைத்தால் வேலை முடிந்தது என்று எண்ணக் கூடாது, குழிக்குள் இருப்பதையும் எட்ட வேண்டும். இன்னொன்றும் உண்டு. ஆக்சிஜன் நீரில் கரைவதைவிடப் பெட்ரோலில் பல மடங்கு அதிகம் கரையும். ஆகவே மேலே நிற்கும் பெட்ரோல் நீருக்குப் போர்வையாக இருந்து காப்பதில்லை. துளிக்கு ஆக்சிஜனை ஓயாமல் ஊட்டிக்கொண்டிருக்கிறது.

ஜல்லி, ஆசிட், புளி

டேங்க்குக்குள் நட்டுகளையோ பொடி ஜல்லியையோ போட்டுக் குலுக்குவது பழைய முறை. தளர்ந்த பொருக்கு உதிரும். குழிக்குள் இருப்பது அப்படியே நிற்கும். முதல் கட்ட வேலையாக மட்டும் இதை வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து ஆசிட். கழிப்பறை கழுவக் கடையில் விற்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றினால் டேங்க் நுரைத்துப் பொங்கும். பொங்குவதைப் பார்த்து, துரு கரைகிறது என்று மகிழ்பவர்கள் உண்டு. துரு அமிலத்தில் கரையும்போது இரும்பு உப்பும் நீரும்தான் உண்டாகும், வாயு வராது. குமிழ்விடுவது ஹைட்ரஜன். அது நல்ல இரும்பு கரையும்போது மட்டுமே வரும். அதாவது எவ்வளவு நுரைக்கிறதோ அவ்வளவு தகடு போகிறது. கரைந்த துருவிலிருந்து வரும் மூவிணைய இரும்பு அயனிகளும் சும்மா இருப்பதில்லை. அவையும் நல்ல இரும்பைத் தாக்கிக் கரைக்கும். உருக்கு ஆலைகளில் தகட்டை அமிலத்தில் முக்கும்போது ஹெக்சமீன் போன்ற தடுப்பான்களைச் சேர்ப்பது இந்த இழப்பைக் குறைக்கத்தான். போதாக்குறைக்கு, குழிகளிலும் மடிப்பு ஓரங்களிலும் குளோரைடு தங்கிவிட்டால் அடுத்த துருவுக்கு அதுவே விதை.

புளி விஷயத்துக்கு வருவோம். செட்டிநாட்டு வீடுகளில் பித்தளை அண்டாவையும் குத்துவிளக்கையும் புளி போட்டு விளக்குவது வழக்கம். புளியில் இருக்கும் டார்டாரிக் அமிலம் செம்பின் ஆக்சைடைக் கரைத்துவிடும். செம்போ அமிலத்தில் லேசில் கரையாத உலோகம், ஆகவே அண்டாவுக்குச் சேதம் சொற்பம். இரும்பு அப்படிப்பட்டதல்ல. புளித்தண்ணீர் துருவை நிச்சயமாகக் கரைக்கும், விட்டுவைத்தால் தகட்டையும் மெல்லக் கரைக்கும். கூழும் நாரும் உள்ளே ஒட்டிக்கொள்வது கூடுதல் தொல்லை.

அதே வேலையைச் சுத்தமாகச் செய்யக்கூடியது மளிகைக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் அமிலம். லிட்டருக்கு 50 கிராம் போதும். இது வலுக் குறைந்த அமிலம். அதோடு, கரைந்த இரும்பு அயனியைப் பல முனைகளில் பிணைத்துக் கரைசலிலேயே வைத்துக்கொள்ளும். அரை நாள், ஒரு நாள் என்று பொறுமையாக விட்டு, அவ்வப்போது விளக்கடித்துப் பார்த்து, காவி மறைந்து சாம்பல் நிறம் தெரிந்ததும் கொட்டிவிட வேண்டும். லேசான துருவுக்கு இதுவே போதுமான மருந்து. தடித்த பொருக்குக்குப் பல நாள் ஊற வேண்டியிருக்கும், அதற்குள் நல்ல இரும்பும் கொஞ்சம் கொஞ்சமாகப் போகும்.

ஓட்டத்தைத் திருப்பிவிடும் வழி

துரு என்பது இரும்பிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளியேறும் நிகழ்ச்சி என்றால், வெளியிலிருந்து எலெக்ட்ரான்களைத் தகட்டுக்குள் தள்ளினால் என்ன ஆகும்? இரும்பு கரைவது நின்றுபோகும். துருவும் ஒரு பங்கு ஒடுக்கப்படும். மின்னாற்பகுப்பு முறையின் அடிப்படை இதுதான். மற்ற எல்லா முறைகளும் இரும்பைக் கொஞ்சமாவது பறிக்கும்போது, இது மட்டும் மின்சாரம் ஓடும் வரை தகட்டைக் காத்துக்கொண்டே துருவைக் கழற்றுகிறது.

ஏற்பாடு எளிது. டேங்க்கைக் கழற்றி, பெட்ரோல் டேப்பை எடுத்துவிட்டு, அந்தத் துளையை ரப்பர் கார்க்கால் அடைக்க வேண்டும். டேப்பில் அலுமினியமோ துத்தநாகமோ இருந்தால் காரக் கரைசல் அதை அரித்துவிடும். சோப்புத் தண்ணீர் விட்டுப் பலமுறை அலசி, பெட்ரோல் வாடையே இல்லாமல் செய்ய வேண்டும். பிறகு லிட்டருக்கு 10 முதல் 15 கிராம் வரை சலவைச் சோடா கரைத்த நீரைக் கழுத்துவரை நிரப்ப வேண்டும். வாய் வழியாகச் சாதாரண இரும்புக் கம்பி ஒன்றைத் தகட்டில் எங்கும் படாமல் தொங்கவிட வேண்டும். துளைகள் போட்ட பிளாஸ்டிக் குழாயைக் கம்பிக்கு உறையாக மாட்டினால் தவறிப் படாது. 12 வோல்ட் பாட்டரி சார்ஜரின் எதிர்முனை டேங்க்குக்கு, நேர்முனை கம்பிக்கு. இதை மாற்றிக் கொடுத்தால் டேங்க்கே கரையும்.

ஓட்டம் தொடங்கியதும் தகட்டின் பரப்பெங்கும் சிறு குமிழ்கள் எழும். இங்கேயும் அது ஹைட்ரஜன்தான். ஆனால் இப்போது அது நீரிலிருந்து வருகிறது, இரும்பு எதையும் இழப்பதில்லை. காவித் துருவின் ஒரு பகுதி எலெக்ட்ரானை ஏற்றுக் கறுப்பு மேக்னடைட்டாக மாறுகிறது. பொருக்குக்கும் தகட்டுக்கும் இடையே எழும் குமிழ்கள் அதை நெம்பித் தளர்த்துகின்றன. சில மணி நேரத்தில் நீர் கலங்கி, மேலே செம்மண் நிற நுரை கட்டும். கம்பியை எடுத்துப் பார்த்தால் டேங்க் விட்ட துருவையெல்லாம் அது வாங்கிக்கொண்டதுபோல் காவி அப்பியிருக்கும். அதில் பெரும்பங்கு கம்பி தானே அரிபட்டு உண்டாக்கிய துரு. அதைச் சுரண்டிவிட்டு மறுபடி இறக்க வேண்டும்.

ஃபாரடே விதியை வைத்து இதற்குக் கணக்கும் போடலாம். 2 ஆம்பியர் ஓட்டம் 10 மணி நேரம் ஓடினால் 72,000 கூலும் மின்னூட்டம் கடக்கிறது. நேர்முனையில் அது முழுவதும் இரும்பைக் கரைப்பதில் செலவானால் கம்பி ஏறக்குறைய 20 கிராம் இளைக்கும். எதிர்முனையில் முழுவதும் ஹைட்ரஜன் ஆனால் ஏறக்குறைய 9 லிட்டர் வாயு வரும். காற்றில் 4 சதவீதம் கலந்தாலே ஹைட்ரஜன் தீப்பற்றும். ஆகவே இந்த வேலை திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும். வாயு தங்க இடமில்லாதபடி டேங்க் நிறைந்திருக்க வேண்டும். சுவிட்சை அணைத்த பிறகுதான் கிளிப்பைத் தொட வேண்டும். நேர்முனைக் கம்பி ஒருபோதும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கக் கூடாது. அதிலிருக்கும் குரோமியம் அறுவிணைய குரோமியமாகக் கரையும். அது புற்றுநோய் உண்டாக்கும் நஞ்சு.

இந்த முறைக்கு ஒரு குறை உண்டு. மின்னோட்டம் கம்பிக்கு எதிரே இருக்கும் சுவருக்கே அதிகம் போகும். நடு மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பள்ளத்துக்கு எட்டுவது குறைவு. கம்பியை வளைத்தும் இடம் மாற்றியும் இரண்டு மூன்று கட்டமாகச் செய்ய வேண்டும். ஈடாக ஒரு பெரிய ஆதாயம் கிடைக்கிறது. வேலை முழுவதும் உள்ளேயே நடக்கிறது. திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் கையால் இழுத்த தங்கக் கோடுகள் வெளிப்பக்கம் அப்படியே இருக்கும். வழியும் சோடா நீரை உடனுக்குடன் துடைத்தால் போதும்.

சிக்ரியும் எழும்பூரும்

இந்த மின்வேதியியலுக்காகவே நாட்டில் ஓர் ஆய்வு நிறுவனம் இருக்கிறது என்றால், அது காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14, பொங்கல் நாளையொட்டி டாக்டர் எஸ். ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். ஊர்க்காரர்கள் சிக்ரி என்று அழைக்கும் அந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அரிமானத் தடுப்பு முதன்மையான துறைகளில் ஒன்று. இந்தியாவின் எந்த ஊரில் உலோகம் எவ்வளவு வேகமாக அரிபடுகிறது என்று காட்டும் வரைபடத்தை அது உருவாக்கியது. மண்டபம் கடற்கரையில் உப்புக் காற்றையும் கடல்நீரையும் வைத்தே உலோகங்களைச் சோதிக்கும் நிலையத்தையும் நடத்துகிறது. கப்பல், குழாய், பாலக் கம்பி ஆகியவற்றைக் காக்கக் கையாளும் எதிர்முனைக் காப்பு முறையும் டேங்க்கில் நாம் செய்யும் வேலையும் ஒரே கோட்பாட்டில் நிற்பவை. காக்க வேண்டிய இரும்பை எதிர்முனையாக்கு, கரைவதை வேறொரு உலோகத்தின் தலையில் கட்டு. 1824-இல் ஹம்ஃப்ரி டேவி கப்பலின் செப்புத் தகட்டைக் காக்க முயன்றபோது முன்வைத்த யோசனை இது.

தமிழ்நாட்டில் இந்தக் கோட்பாட்டால் முன்பே பயன்பெற்றவை நம் செப்புத் திருமேனிகள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-இல் வேதியியல் காப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டது. மண்ணிலிருந்து எடுத்த படிமங்களைக் குளோரைடு உள்ளிருந்து அரித்துக்கொண்டிருந்தது. வேதியியலாளர் எஸ். பரமசிவன் அங்கே மின்னாற்பகுப்பு முறையில் அவற்றைக் குணப்படுத்தினார். சுரண்டினாலோ அமிலத்தில் முக்கினாலோ சிற்பியின் உளிக்கோடு அழிந்துபோகும் என்ற கவலைதான் அந்த வழியை நாட வைத்தது. டேங்க் சிலையல்ல. ஆனால் எடுக்க வேண்டியதை மட்டும் எடு, பொருளைத் தொடாதே என்ற நெறி இரண்டுக்கும் ஒன்றுதான்.

கழுவிய பிறகுதான் ஆபத்து

மின்சாரத்தை நிறுத்தி, கறுத்த சகதியைக் கொட்டி, நல்ல நீரால் அலசியதும் உள்ளே சாம்பல் நிறத் தகடு தெரியும். பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். இப்போது இரும்பு ஒரு காப்பும் இல்லாமல் நிற்கிறது. தேய்த்துக் கழுவி ஈரத்தோடு வைத்த தோசைக்கல் காலையில் சிவந்திருப்பதைப் போல, டேங்க்கும் ஒரு மணி நேரத்துக்குள் மேலோட்டமாகக் காவி பூத்துவிடும். ஆகவே அலசுவதும் உலர்த்துவதும் இடைவெளியின்றி நடக்க வேண்டும். கடைசி அலசல் சுடுநீரில் இருந்தால் தகடு சீக்கிரம் காயும். பெட்ரோல் வாடை துளியும் இல்லாத டேங்க்கில் சூடான காற்றை ஊதி ஈரத்தை வெளியேற்றலாம். அமிலம் பயன்படுத்தியிருந்தால் முதலில் ஆப்பச் சோடா கரைத்த நீரால் அதைச் சமன்செய்ய வேண்டும்.

உலர்ந்த கையோடு காப்பும் போட வேண்டும். நீர்த்த பாஸ்பாரிக் அமிலத்தைச் சிறிது நேரம் உள்ளே சுழற்றினால் தகட்டின்மேல் இரும்புப் பாஸ்பேட் மென்படலம் படியும். அதைக் கழுவி உலர்த்தியபின் எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றி எல்லா மூலைக்கும் போகும்படி சுழற்ற வேண்டும். உட்பூச்சாக எபாக்சி ஊற்றுவது பலருக்குப் பிடித்த வழி. எல்லா எபாக்சியும் எத்தனாலைத் தாங்காது. தாங்காதது இளகி, தோலாக உரிந்து பெட்ரோல் டேப்பை அடைத்துவிடும். எத்தனாலைத் தாங்கும் என்று உறுதியாகத் தெரிந்த பூச்சை, ஓட்டை விழுந்த டேங்க்குக்கு மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

ஓட்டை விழுந்த இடத்தில் எந்த வேதியியலும் இரும்பை மறுபடி கொண்டுவராது. ஒடுக்கப்பட்ட துரு மேக்னடைட் பொடியாகுமே தவிர மீண்டும் தகடாகாது. பற்றவைத்துத்தான் மூட வேண்டும். காலியான டேங்க் நிறைந்த டேங்க்கைவிட ஆபத்தானது, ஏனென்றால் மடிப்புகளில் ஒளிந்திருக்கும் பெட்ரோல் ஆவி காற்றோடு கலந்து வெடிக்கும். அதற்கென்று பழகிய கைகளிடமே அந்த வேலையைக் கொடுக்க வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு மீட்ட டேங்க்கை மறுபடி நோயில் தள்ளாமல் இருக்கச் செலவு அதிகமில்லை. ஐப்பசி அடைமழைக்கு முன்பே மூடியின் வாஷரை மாற்றிவிட வேண்டும். சில வாரங்கள் நிற்கப் போகும் வண்டியென்றால் டேங்க்கை நிரப்பி வைக்க வேண்டும், காற்றுக்கு இடமில்லாவிட்டால் ஈரத்துக்கும் இடமில்லை. பல மாதம் நிற்குமானால் பெட்ரோலை முழுவதும் வடித்து, உலர்த்தி, எண்ணெய் சுழற்றி வைப்பதே பத்திரம். ஊரில் சாவி வைத்திருக்கும் உறவினர் ஒருவர் மாதம் இருமுறை வண்டியை எடுத்துக் கானாடுகாத்தான் வரை போய்வந்தால் இன்னும் நல்லது. பழைய பெட்ரோல் தீர்ந்து புதியது வரும், கலந்த ஈரம் எஞ்சினில் ஆவியாகிப் போகும், பள்ளத்தில் துளி தங்க நேரமிருக்காது. துருவுக்கு வேண்டியது நிற்கும் நீர், ஓடும் வண்டியில் அது கிடைப்பதில்லை.